குற்றம் கேட்டு வாங்கிய மோதினார்

என் முதல் நோன்பு, எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் இருந்த அத்தனை பேருடைய நோன்பையும் முறித்துவிட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. அவ்வளவு பெரிய காரியம் எதையும் அதற்குப் பிறகு நான் செய்ததில்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, தங்கச் சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலையில் இருந்தவர். வெடிக்காமல் கிடந்த ஒரு வெடி, அவர் குனிந்து பார்த்த நேரத்தில் வெடித்து இரண்டு கண்ணையும் கொண்டுபோனது. ஒரு வருஷம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்களெல்லாம், கண்ணை இழந்து பொறுமையாக இருப்பவனுக்குச் சொர்க்கம் உண்டு என்று சொல்லிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். “சொர்க்கத்த அப்பால பாத்துக்கலாம், இப்ப ஒரு வேலை இருந்தா சொல்லுங்க” என்பார் மாமா. கடைசியில், குரல் நன்றாக இருக்கிறதென்று, தகரக் கூரை போட்ட எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினாராக வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது.

ஒரே சங்கடம், பொழுது சாய்ந்ததை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கடிகாரம் கிடையாது. நோன்பு மாதத்தில் பெரியவர்களை நம்ப முடியாது, அவர்கள் கண்ணெல்லாம் கஞ்சிப் பானையில் இருக்கும் என்பது மாமாவின் கட்சி. அதனால் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியின் சுவர்மேல் ஏறி நின்று மேற்கே பார்த்து, சூரியன் மறைந்ததும் சொல்ல வேண்டும். இருபது நாள் ஒரு பிசகும் இல்லை, ஏனென்றால் இருபது நாளும் நான் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன்.

இருபத்தோராம் நாள் நானும் நோன்பு வைப்பேன் என்று அடம்பிடித்தேன். சாயங்காலம் தொட்டிமேல் ஏறத் தெம்பில்லை. கீழேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் மேற்கே, சுரங்கத்திலிருந்து அள்ளிவந்து கொட்டிய கல்மேடுதான் தெரியும். சூரியன் அதன் பின்னால் இறங்கியது. ஏறிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கஞ்சி வாசனையும் வந்துகொண்டிருந்தது.

“மாமா, போயிடுச்சு.”

“முழுசாவா?”

“முழுசா.”

மாமா பாங்கு சொன்னார். லைன் முழுக்க நோன்பு திறந்தார்கள். பேரீச்சங்கொட்டையைத் துப்பச் சுவரோரம் போன ஒரு பெரியவர், அங்கேயே நின்றுவிட்டார். மேட்டுக்குப் பக்கத்தில், ஒரு குறையும் இல்லாமல், சூரியன் அவர் முகத்தில் அடித்தது.

தவறுதலாக முந்தித் திறந்துவிட்டால், சூரியன் மறையும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அந்த நோன்பை வேறொரு நாள் திருப்பி வைக்கவும் வேண்டும் என்று இமாம் சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் அசரத்து என்போம். பள்ளிவாசலில் நாற்பது ஆண்கள் பாதி குடித்த கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். வாயில் வடையோடு ஒருவர், விழுங்குவதா துப்புவதா என்று அசரத்தைக் கண்ணாலேயே கேட்டார். அசரத்து வெளியே கையைக் காட்டினார்.

தொழுகை முடிந்ததும் ஜமாஅத் கூடியது. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்த தோல் வியாபாரி இளகின மனசுக்காரர். “கண்ணில்லாதவர் மேல குத்தமில்லன்னு குர்ஆன்லயே இருக்குது. அது சின்னப் பொண்ணு, அதும்மேலயும் குத்தமில்ல. நாளைலேந்து வேற ஒருத்தர் பாங்கு சொல்லட்டும். நீங்க வூட்ல நிம்மதியா இருங்க பாய்” என்றார். எனக்கு உயிர் வந்தது.

மாமா எழுந்து நின்றார். “குத்தம் என்னுது” என்றார்.

இல்லை இல்லை என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். மாமா விடவில்லை. அவர்கள் மன்னிக்க மன்னிக்க அவருக்குக் கோபம் ஏறியது.

“கண்ணில்லாத ஒருத்தரு நபிகள் நாயகத்துக்கிட்ட வந்து, கூட்டிக்கினு வர ஆளில்ல, வூட்லயே தொழுதுக்கட்டுமான்னு கேட்டாரு. பாங்கு காதுல வுழுதான்னாங்க. வுழுதுன்னாரு. அப்ப வான்னுட்டாங்க. அல்லா எங்கிட்டேந்து கண்ணத்தான் எடுத்துக்கினான், கேள்வி கேக்க மாட்டேன்னு சொல்லல. பொண்ணு பேச்ச நம்பி, வேற யாரையும் கேக்காம பாங்கு சொன்னது நானு. தண்டனை குடுங்க. வேலைய எடுக்காதீங்க.”

 மோதினார் மாற வேண்டாம் என்றார் அசரத்து. ஆனால் அவருடைய பாங்கைக் கேட்டு நோன்பு திறந்த வீடுகளுக்கெல்லாம் காலையில் அவரே போய்த் தப்பை ஒப்புக்கொண்டு, இன்னொரு நோன்பு பாக்கி என்று பெண்களிடம் சொல்ல வேண்டும். அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேர் முகமும் மலர்ந்தது. இல்லாவிட்டால் அவரவர் வீட்டில் அவரவர் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை மாமா என் தோளில் கையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மோதினார்னா ஒரு பொறுப்பு வேணாமா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். “வேணும்தாம்மா” என்று மாமா தலையாட்டினார். ஆறாவது வீட்டுக்காரி மட்டும், “பாவம், கண்ணில்லாதவரு, நீங்க இன்னா பண்ணுவீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. மாமா முகம் செத்துப்போயிருந்தது.

“அடுத்த வூடு யாருது?” என்றார்.

கறிக்கடைக்காரர் வீடு, அந்த அம்மா ரொம்பத் திட்டும், விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். மாமா என்னைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அந்த அம்மா எங்கள் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுத் திட்டினாள். நான் அழுதுவிட்டேன். மாமா நிமிர்ந்து நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, “இன்னும் எதுனா இருக்காம்மா?” என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வெடி கண்ணோடு சேர்த்து மாமாவின் புத்தியையும் கொண்டுபோய்விட்டது என்று நான் முடிவுகட்டினேன். வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திட்டு வாங்கியது மாமா, அழுதது நான், அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.