வெள்ளை அட்டையில் சூரியன்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். தனி ஆள். வெள்ளிக்கிழமை மாலை மணி அடித்தால், திங்கட்கிழமை வரை என்னிடம் பேச ஒரு ஜீவன் கிடையாது. அதனால்தான் சனிக்கிழமைகளில் பள்ளியின் தொலைநோக்கியைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, மாமல்லபுரம் பக்கம் ஒரு கடலோரப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்குச் சூரியனைக் காட்டப் போவேன். சேவை, கீவை என்று மற்றவர்கள் புகழ்ந்தார்கள். அட போங்கய்யா, பேச ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தொலைநோக்கிக் குழாயில் யாரும் கண்ணை வைக்கக் கூடாது. கண் வைக்கும் முனைக்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்தால் அதில் சூரியன் வட்டமாக விழும். கரும்புள்ளிகள்கூடத் தெரியும். அட்டையைப் பிடிக்கும் வேலையை ஒரு சின்னப்பெண் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பாயின் மகள்.

"டீச்சர், சூரியன் நழுவிகினு போவுது!" என்று கத்துவாள்.

"அது எங்கடி போவுது? நாமதான் சுத்தறோம்" என்பேன். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு அதே ஆச்சரியம். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு ஆசை.

ஒருநாள் நான் திரும்பிய நேரத்தில் வேறொருத்தி குழாயில் கண் வைக்கக் குனிந்தாள். அவளை இழுத்துத் தள்ளிவிட்டு, காய்ந்த பனையோலைத் துண்டு ஒன்றை அந்த முனையில் பிடித்தேன். சட்டென்று புகைந்து கருகியது.

"இதுதான்டி உங்க கண்ணு!" என்று கத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு குழந்தையும் வரவில்லை. பள்ளிக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த அம்மாளிடம் ஏனென்று கேட்டேன்.

"ஓலையே எரிஞ்சி பூட்ச்சாமே! புள்ளைங்க கண்ணு பூட்ச்சின்னா நீயா குடுப்ப?"

"கண்ணு போகக் கூடாதுன்னுதாம்மா காட்டினேன்" என்றேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வந்தது வந்தாயிற்று என்று குழாயை நிறுத்தி, அட்டையை நானே பிடித்தேன். இரண்டு புள்ளிகள், பளிச்சென்று. வட்டம் மெல்ல நழுவி அட்டையை விட்டே போனது. குழாயை நகர்த்த மனம் வரவில்லை. அழுதேன், பொய் சொல்வானேன்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில், மளிகைக்கடை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். மனசு துள்ளியது.

"ஏய், இன்னிக்கு ரெண்டு புள்ளிடி!" என்று கூப்பிட்டேன்.

என் தோளில் இருந்த குழாயைப் பார்த்தாள். இரண்டு கையாலும் கண்ணை இறுகப் பொத்திக்கொண்டாள். நான் கடந்து போகும்வரை கையை எடுக்கவேயில்லை.