தனிமரங்களுக்குப் போன் போடுகிறவள்

பிரிந்த உறவுகளைச் சேர்த்து வைத்தால் புண்ணியம் என்பார்கள். எனக்கு அதற்கு மாதச் சம்பளமே தருகிறார்கள்.

சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். குலதெய்வக் கோயில்காரர்கள் கேட்டால், அந்தக் கோயிலுக்குப் பாத்தியப்பட்ட குடும்பங்கள் அத்தனைக்கும் கணினியில் வம்ச மரம் போட்டுக் கொடுப்போம். கோயிலைச் சேர்ந்த யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே பெயர் சேர்க்கலாம். அங்கேதான் வினை. பெயரைச் சேர்க்கிறவர்கள், அவர் யாருடைய மகன், யாருக்கு மனைவி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அப்பா அம்மா கிடையாது, கட்டியவர் கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது, பெயர் மட்டும் அந்தரத்தில் நிற்கும். இவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் 'தனிமரம்' என்று பெயர். போன் போட்டு விசாரித்து, ஒவ்வொரு தனிமரத்தையும் உரிய கிளையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. உரிமை கொண்டாட யாருமில்லை என்றால் அழித்துவிட வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் முன்பின் பார்த்திராத ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டு, நீங்கள் அசடு வழிந்ததுண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. உங்களுக்கு அது முகூர்த்த நாளில் மட்டும்தான் நடக்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் நடக்கிறது.

இப்போது கையில் இருப்பது காரமடைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் மரம். கும்பாபிஷேகத்தன்று பெரிய திரை கட்டிக் காட்டப் போகிறார்கள். அதற்குள் ஒரு தனிமரம்கூட மிச்சம் இருக்கக் கூடாது, சேர்ந்தால் சேர், இல்லாவிட்டால் அழி என்று எங்கள் டீம் லீடர் பிரபு சொல்லிவிட்டான்.

பத்திரிகை வைக்க வேண்டியவர்கள்

ஒரே வீட்டிலிருந்து ஒரு பெரிய கும்பலே தனிமரமாக நின்றது. பால்காரர் முருகேசன், பந்தல்காரர் செல்வம், கோட்டைமேட்டு ஜவுளிக்கடை காதர் பாய். குலதெய்வக் கோயில் மரத்தில் காதர் பாய் எப்படி வந்தார் என்று எனக்குத் தலை சுற்றியது. பதிந்தவர் தேவராஜ் என்பவர். கூப்பிட்டேன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். பெயரும் விலாசமும் ஒரே இடத்தில் இருந்தால் பத்திரிகை கொடுக்க வசதி என்று, எங்கள் மரத்தையே அழைப்புப் பட்டியலாக்கிவிட்டார்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இதில் சொந்தக்காரர்கள் மட்டும்தான் இருக்க வேண்டும், இவர்களை எல்லாம் எடுத்துவிடுகிறேன் என்றேன். மனிதர் பதறிப்போனார். காதர் பாய் கடையில்தான் அவர் கல்யாணத்துக்கும் துணி எடுத்தார்களாம், அவர் தகப்பனார் கல்யாணத்துக்கும் பாயின் தகப்பனாரிடம்தான் எடுத்தார்களாம். அழிப்பதற்கு முன்னால் எல்லா விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"ஏனுங்க அம்மணி, பத்திரிகை வெச்சும் வராத சொந்தக்காரனையெல்லாம் மரத்துல வெச்சிருக்கறீங்க, வெக்காமயே வர்ற பாயை எடுக்கறேங்கறீங்களே, இது என்னங்க நாயம்?"

சரஸ்வதி ஆரோக்கியம்

இந்தத் தனிமரம் மற்றவர்கள் மாதிரி இல்லை. தன்னைத் தானே பதிந்துகொண்டவர். பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "நீங்க யாரோட மகள்னு போடாம விட்டுட்டீங்களேங்க" என்று கூப்பிட்டுக் கேட்டேன். போட்டுத்தான் பார்த்தாராம். போட்டால், அண்ணன் நாச்சிமுத்துவின் சம்மதம் வேண்டும் என்று வருகிறதாம். அது எங்கள் விதிதான். தாய் தகப்பன் காலமாகிவிட்டால், அதே வீட்டில் ஏற்கெனவே மரத்தில் இருக்கும் ஒருவர் 'ஆமாம், இவர் எங்கள் வீட்டு ஆள்' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் உள்ள எல்லோரும் வசதியான வீட்டுக்குப் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

அண்ணனிடம் நீங்களே ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். கதையைச் சொன்னார். அதே மில்லில் வேலை பார்த்த ஆரோக்கியத்தை விரும்பி, மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. அப்பா இறந்தபோதும் தகவல் சொல்லவில்லை, பேப்பரில் விளம்பரம் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். கும்பாபிஷேகத்துக்குள் சம்மதம் வராவிட்டால் பெயரை அழித்துவிடுவோம் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"எனக்குக் காடு தோட்டமெல்லாம் வேண்டாமுங்க அம்மணி, எங்கப்பன் பேருக்குக் கீழ என்ற பேரு இருந்தாப் போதுமுங்க."

ஒரே அமுதா, இரண்டு முறை

அமுதா என்று ஒருத்தி, தன் தாய் தகப்பனோடு சம்பந்தி வழிக் கிளை ஒன்றில் ஒழுங்காக இருந்தாள். அதே பிறந்த தேதி, அதே ஊர், அதே போட்டோவுடன் இன்னொரு அமுதா தனிமரமாக நின்றாள். பதிந்தவர் மேட்டுப்பாளையத்தில் டயர் கடை வைத்திருப்பவர். கிளையில் இருக்கும் அமுதா யார் என்று கேட்டேன், மாமன் மகள் என்றார். தனியாக நிற்கும் அமுதா யார் என்று கேட்டேன், சம்சாரம் என்றார். இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று பெருமையாகச் சொன்னார். ஒரு ஆளுக்கு ஒரு முறைதான் போட முடியும் என்று அவராகவே முடிவு கட்டி, முறைக்கு ஒன்றாக ஆளைப் பதிந்துவிட்டார்.

நம் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டாத வீடு ஏது? இப்படி இரட்டையாக வந்தவர்களைச் சேர்த்து ஒன்றாக்குவதே எனக்குப் பாதிப் பொழைப்பு. "ரெண்டு பேரும் ஒருத்தர்தானுங்களே, ஒண்ணாச் சேர்த்துடறேனுங்க" என்றேன். அவர் பக்கத்தில் யாரும் இல்லையென்று நிச்சயம் செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சேர்த்துக்குங்க, ஆனா ரெண்டும் ஒருத்தர்னு மட்டும் சொல்லாதீங்க, மாமன் புள்ளையா இருந்தப்பத்தானுங்க நான் சொன்னதைக் கேட்டா."

கறிவேப்பிலைத் தோட்டம்

நாச்சிமுத்துவுக்குக் காரமடைக்கு மேற்கே கறிவேப்பிலைத் தோட்டம். சம்மதம் கேட்டு அனுப்பிய செய்திகளை எல்லாம் பார்த்திருந்தார், ஒன்றுக்கும் பதில் இல்லை. கூப்பிட்டபோது மிக மரியாதையாகப் பேசினார். வெயில் எப்படி, சரவணம்பட்டியில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் விசாரித்தார். சரஸ்வதி பெயரைச் சொன்னதும் அந்தக் குரல் போன இடம் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வேலையில் கோபப்படக் கூடாது, ஆனாலும் வந்தது. அவங்க உங்க கூடப் பிறந்தவங்கதானுங்களே என்று இரண்டாம் முறையும் கேட்டேன். கோபப்படவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை அவர். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் முடியாது என்பதை எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னார்.

"அப்படி ஆரும் எங்க ஊட்டுல இல்லீங்க, நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க, தண்ணி கட்டோணும், வெச்சர்றனுங்க."

வண்டித்தடம்

அதே வாரம் இன்னொருவர். ரங்கசாமி என்பவர் தன் தம்பி வீட்டாரை ஒவ்வொருவராக மரத்திலிருந்து கழற்றிவிட்டார். தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள், பேத்தி எல்லோரும் ஒட்டுமொத்தமாகத் தனிமரமாகிவிட்டார்கள். ஏதோ கை தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்துக் கூப்பிட்டேன். கை தவறவில்லை, வண்டித்தடத்தில் தகராறு. தோட்டத்துக்குப் போகும் தடத்தைத் தம்பி வேலி போட்டு அடைத்துவிட்டாராம். "அவரு உங்களுக்கு என்ன முறைங்க?" என்று கேட்டேன். "ஒரு முறையும் இல்லீங்க" என்றார்.

சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது, அம்மாவை ஆஸ்பத்திரியில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டது, அந்தத் தடத்தையே இரண்டு பேரும் சேர்ந்து மண் கொட்டிப் போட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. முறையைக் கேட்டால் இல்லை என்கிறவர், நடந்ததைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கடைசியில், அப்ப அவரு உங்க தம்பிதானுங்களே என்றேன். என்னைத்தான் திட்டினார்.

"தம்பி இல்லைன்னு ஆருங்க சொன்னது? பேச்சுவார்த்தைதான் இல்லீங்க!"

இணைச்சீர்

கும்பாபிஷேகம் நெருங்கிவிட்டது. என் திரையில் மிஞ்சி நின்ற ஒரே தனிமரம் சரஸ்வதி. பிரபு என் மேஜைக்கு வந்து, "அக்கா, அழிச்சிடுங்க, நாம பாவம் பார்த்தா வேலை நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பையன்தான், அவனுக்கு மேலேயும் ஒருவர் கத்துகிறார். நான் சரஸ்வதியைக் கூப்பிட்டு, ஏதாவது ஆதாரம் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அண்ணன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது, அதில் இணைச்சீர் செய்து நிற்பது தான்தான் என்றார்.

கொங்குக் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்ணுக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவளைப் பெண்ணுக்குச் சமமாகப் பட்டும் நகையும் போட்டுப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கூறைப் புடவையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். புதிதாக ஒருத்தி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று சபைக்கு முன்னால் சொல்கிற சீர் அது. போட்டோவை எங்கள் அலுவலகம் ஆதாரமாக ஏற்காது. ஆனால் எனக்கு ரங்கசாமியின் ஞாபகம் வந்தது. நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். தங்கச்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. உங்கள் கல்யாண விவரம் சிலது எழுத வேண்டும் என்று சொல்லி, மண்டபம் எது, சமையல் யார் என்று கேட்டுக்கொண்டே வந்து, இணைச்சீர் யார் செய்தது என்று கேட்டேன்.

தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் விடவில்லை. "பரவாயில்லீங்க, சித்தப்பா மகள் யாராச்சும் செஞ்சிருப்பாங்க, அப்படியே போட்டுக்கறேனுங்க" என்றேன். அவ்வளவுதான், இத்தனை நாள் ஏறாத குரல் ஏறிவிட்டது.

"ஏனுங்க, கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்ட நிக்கறப்ப சித்தப்பன் புள்ளை எதுக்குங்க வர்றா?"

நம்பர்

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். பிறகு, அந்தச் சம்மதம் கொடுக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடி எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பி வந்து அமுக்கினார். என் திரையில் அந்தத் தகப்பன் பெயருக்குக் கீழே, நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில், சரஸ்வதி வந்து நின்றார். அழுதேன் என்றால் பிரபு சிரிப்பான், ஆனால் அழுதேன்.

போனை வைப்பார் என்று பார்த்தால் வைக்கவில்லை. தங்கச்சி நம்பர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். ஒருவர் எண்ணை அவரைக் கேட்காமல் இன்னொருவருக்குத் தரக்கூடாது என்பது எங்கள் விதி. கேட்டுச் சொல்கிறேன் என்று சரஸ்வதியைக் கூப்பிட்டேன். அண்ணன் சம்மதம் கொடுத்துவிட்டார், இப்போது உங்கள் நம்பர் கேட்கிறார், கொடுக்கலாமா என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்து வந்த குரலில், அத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்த தங்கச்சியின் அதிகாரம் இருந்தது.

"நம்பரெல்லாம் வேண்டாமுங்க, அட்ரஸ் குடுத்து நேர்ல வரச் சொல்லுங்க, பொறந்த ஊட்டுல இருந்து வர்றவிய வெறுங்கையோட வரக்கூடாதுன்னும் சொல்லிப்போடுங்க!"

ஒருவரை ஒருவரோடு சேர்க்க எங்கள் கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். சேர வேண்டியவர்களுக்குத்தான் சமயத்தில் பாதி ஆயுசு ஆகிவிடுகிறது.