கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த முழங்கால்

முதலில் கேட்டது ஒரு சத்தம்தான். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல "பட்" என்று.

உடையார்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திருவிழாவுக்காக நடந்த மகளிர் கபடிப் போட்டி. எதிரணிக் களத்துக்குள் பாடிப் போன நான், ஒருத்தியைத் தொட்டுவிட்டு இடது காலை ஊன்றித் திரும்பினேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. பாதம் மண்ணிலேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. வாயில் "கபடி, கபடி" ஓடிக்கொண்டிருக்க, அதையும் மீறி அந்தச் சத்தம் எனக்குள்ளிருந்து கேட்டது.

மூச்சை விடவில்லை. தவழ்ந்து போய் நடுக்கோட்டைத் தொட்டேன். பாயிண்ட்! கூட்டம் விசிலடித்தது. எனக்கும் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

"பிசகியிருக்கும்டி சுகன்யா. ஸ்ப்ரே அடிச்சுக் கட்டிட்டு உக்காரு" என்றார் எங்கள் கேப்டன் ராணி அக்கா. எங்கள் ஊர் குரும்பலூருக்கு வந்து சேர்வதற்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அம்மா எண்ணெய் போட்டு நீவிவிட்டார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, வலி நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தேன்.

கபடியில் அவுட் ஆனவர் கோட்டுக்கு வெளியே உட்காருவார். தன் அணி பாயிண்ட் எடுத்ததும், முதலில் போனவர் முதலில் உள்ளே வருவார். அதிலேயே ஊறிப்போனவர்கள் நாங்கள். அடிபட்ட காலையும் அப்படித்தான் நினைத்தோம். கொஞ்ச நாள் வெளியே உட்கார்ந்தது, இப்போது உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான் கதை என்று.

அடுத்த போட்டி அரியலூரில். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சும்மா திரும்பினேன். முழங்கால் தன் இடத்தைவிட்டு நழுவி, மறுபடி வந்து உட்கார்ந்தது. ஐயோ, வலியைவிட அந்தப் பயம்தான் பெரிது. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

பெரம்பலூரில் எலும்பு மருத்துவர் முதலில் கேட்டதே, "சத்தம் ஏதாவது கேட்டுச்சாம்மா?" என்றுதான். அடுத்து, எவ்வளவு சீக்கிரம் வீங்கியது என்று கேட்டார். முழங்காலை மடக்கச் சொல்லி, கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை டிராயர்போல அது வெளியே வந்தது. ஸ்கேன் அதையே உறுதி செய்தது. முன் சிலுவைநார் (மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் நார், நம் பக்கத்தில் ஜவ்வு என்பார்கள்) முழுதாக அறுந்திருந்தது.

"மறுபடி ஆட முடியுமா சார்?" எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"புது ஜவ்வு வச்சா ஆடலாம். ஆனா நீங்க அவசரப்பட்டா முடியாது."

"புதுசுக்கு எங்க சார் போறது?" என்றார் அம்மா.

"எங்கயும் போக வேணாம்மா. அவங்க தொடைக்குப் பின்னாடியே இருக்கு. அந்தத் தசைநாணை (தசையை எலும்போடு கட்டும் கயிறு) எடுத்து உள்ள வைப்போம்."

அம்மா என் தொடையையே பார்த்தார். "அடேயப்பா! ஸ்டெப்னியை ஒடம்புலயே வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாளா சுத்திக்கிட்டு இருந்தியா?"

அறுவை சிகிச்சையின்போது இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்திருந்தது. மூட்டுக்குள் விட்ட குட்டிக் கேமரா வழியே பக்கத்துத் திரையில் என் முழங்காலின் உள்பக்கம் தெரிந்தது. எலும்பின் முனை இளநீர் வழுக்கைபோல வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. அறுந்த நாரின் பிசிறுகள், உள்ளே பாய்ச்சியிருந்த தண்ணீரில் மெல்ல அசைந்தன. இத்தனை அழகான ஓர் இடம் எனக்குள் இருந்திருக்கிறது, நானோ அதை வைத்து மண்ணில் புரண்டுகொண்டிருந்திருக்கிறேன்! கண் கலங்கிவிட்டது. நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாள் தொடையை இறுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். இறுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தசை என்னை மறந்தே போயிருந்தது. விடாமல் முயன்றதில், ஒரு நாள் காலையில் முழங்காலுக்கு மேலே லேசாக ஏதோ துள்ளியது. "அம்மா, இங்க வந்து பாரேன்!" என்று கத்தினேன். வயிற்றுப் பிள்ளை உதைத்ததைப் பார்க்க வருவதுபோல ஓடி வந்தார்.

மூன்றாம் மாதம் வலி சுத்தமாக இல்லை. ஓடட்டுமா என்று கேட்டதும் மருத்துவர் பதறிவிட்டார். "இப்பதாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். வச்ச நாண் முதல்ல உள்ளயே செத்து மெலியும். அப்புறம் உங்க ரத்தக்குழாய் அதுக்குள்ள புகுந்து, கொஞ்சம் கொஞ்சமா அதை ஜவ்வா மாத்தும். வலி போறது ஒரு கணக்கு, ஆறுறது வேற கணக்கு."

நான் சோறு தின்று, டிவி பார்த்து, அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த வேலைக்கு என் அவசரம் தெரியாது. அதன்பிறகு நாள்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

களத்தில் இருக்கும் தங்கச்சி, தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மூட்டுக்குள் சத்தம் கேட்டதா? சில மணி நேரத்துக்குள் வீங்கியதா? திரும்பும்போது நழுவுகிறதா, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொள்கிறதா? அப்படியானால் வீக்கம் வடிந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கணுக்கால் பிசகி நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கீழ்க்கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் தினமும் வலித்தால் அது வெறும் அசதி இல்லை, எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அடிபட்ட அன்றே எண்ணெய் போட்டு அழுத்தி நீவாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை வைத்து, காலை உயர்த்தி வையுங்கள்.

ஒரு வருடம் கழித்து, மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகு, எங்கள் ஊர்க் களத்தில் பயிற்சி ஆட்டம். எதிர்ப்பக்கம் ராணி அக்கா. கோட்டைத் தாண்டிப் பாடிப் போனேன். அக்கா பாய்ந்தார். நான் யோசிப்பதற்கு முன்பே இடது கால் ஊன்றித் திரும்பிவிட்டது. சத்தம் இல்லை. நழுவவில்லை. ஒருத்தியையும் தொடாமல் நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து நின்றேன்.

"டச்சும் இல்ல, போனஸும் இல்ல. எதுக்குடி இந்தச் சிரிப்பு?" என்று அந்தப் பக்கமிருந்து கத்தினார் அக்கா.

என் வாயில் இன்னும் கபடி ஓடிக்கொண்டிருந்தது.