துளசிராம் அண்ணன் போனுக்கு வந்த ஒரே கால்

துளசிராம் அண்ணன் போய்விட்டார். மூன்று நாள் ஆகிவிட்டதாம்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது... நேற்றுக் காலையில் அவர் வாட்ஸ்அப்புக்கு, "என்னண்ணே, உசுரோட இருக்கீகளா, இல்ல ஹேங் ஆயிட்டீகளா?" என்று அனுப்பினேன். வாரத்துக்கு ஒருமுறை இப்படி எதையாவது அனுப்பி வம்பிழுப்பது வழக்கம்.

அவர் மகள் கீதா பதில் போட்டது. "அங்கிள், அப்பா தவறிட்டாங்க. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஸாரி."

ஸாரி சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பிள்ளை முந்திக்கொண்டது.

அவரைத் தெரியாதவர்களுக்கு... வில்லாபுரத்தில் என் செல்போன் ரிப்பேர் கடையை ஒட்டின கடை முன்பு அவருடையது. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுப்பார். அவர் சௌராஷ்டிரா, நான் ராவுத்தர். கோபம் வந்தால் வீட்டு மொழியில் திட்டுவார், எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு. பத்து வருஷம் பக்கத்துக் கடை... அந்த மொழியில் திட்டு மட்டும் எனக்கு அத்துபடி.

யார் கம்ப்யூட்டர் வாங்க வந்தாலும், இனாமாகக் கிடைக்கிற லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றித்தான் கொடுப்பார். பாதிப் பேர் மறுநாளே திரும்பி வந்து, "சார், எல்லாரும் வச்சிருக்கதையே போட்டுக் குடுங்க" என்பார்கள். அசர மாட்டார்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் மனுஷனுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. கம்ப்யூட்டரில் ஓடுகிற அதே லினக்ஸை, அப்படியே, ஒரு செல்போனில் ஓட்டிவிட வேண்டும். குச்சியால் தட்டுகிற பழைய டச் போன் ஒன்றை என்னிடம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு மாதம்.

நான் ஆறாம் கிளாஸோடு நின்றவன். உள் விவகாரம் தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பேட்டரி ஒரு மணி நேரம் தாங்காது. அதனால் என் கடை சார்ஜரிலேயே கிடப்பார். "என்னண்ணே, கட்டிப்போட்ட கன்னுக்குட்டி மாதிரி... ஒயர் எம்புட்டு நீளமோ அம்புட்டுதான் உங்க மேய்ச்சலா?" என்பேன்.

திரைதான் பெரிய தொல்லை. பெரிய மானிட்டருக்காக எழுதினது அந்த லினக்ஸ். திரையில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மேல்பாதிதான் போனில் தெரியும். கீழ்ப்பாதி போனுக்கு வெளியே எங்கோ நிற்கும். கம்ப்யூட்டரில் என்றால் ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு ஜன்னலை மேலே இழுத்துவிடலாமாம். போனில் கீபோர்டே கிடையாது.

"பாய், ஓகே பட்டன் எங்கய்யா?"

"இங்கிட்டு என் மேஜைலதான் கெடக்கும்ணே. தட்டிப் பாருங்க."

மெல்ல மெல்ல எல்லாம் ஓடியது. பாட்டு பாடியது. கடிதம் அடித்தார். பேசுவது மட்டும் முடியவில்லை. சிக்னல் பிடிக்கிற மோடம், லினக்ஸ் சொல்வதைக் காதில் வாங்கவே இல்லை.

அதில் போய்த் தன்னுடைய ஒரே சிம்மைப் போட்டு வைத்திருந்தார்.

கீதா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய் அப்போது இரண்டு வருஷம். அண்ணி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் இவர் ஒற்றை ஆள். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. "அவளாக் கூப்பிடட்டும்" என்பார். கூப்பிட்டால் முதல் மணிக்கே எடுப்பார் என்பது தெருவுக்கே தெரியும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏண்ணே, புள்ள கூப்பிடுமான்னு காத்துக் கெடக்கீக. சிம்மை இந்த ஊமைப் போன்ல போட்டு வச்சா எப்படி வரும்? நல்ல போனு நான் தாரேன்."

குச்சியைக் கீழே வைக்காமலே சொன்னார். "நல்ல போன்ல போட்டு, அப்பவும் வரலேன்னா என்ன பாய் செய்யுறது? இதுல கெடந்தா மோடத்தைத் திட்டிக்கலாம்ல."

நான் டீ சொல்லப் போய்விட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம். நெட்டிலிருந்து ஏதோ புதிதாக இறக்கி ஏற்றியிருந்தார். முதல்முறையாக சிக்னல் கோடு வந்து நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன் அதிர்ந்தது.

"பாய்! பாய்! கால் வருது!"

ஜன்னல் திறந்தது. மேலே கோயம்புத்தூர் நம்பர். எடுக்கிற பட்டன்... கீழ்ப்பாதியில். போனுக்கு வெளியே.

குச்சியால் குத்துகிறார். போனைத் திருப்புகிறார். ஜன்னலைப் பிடித்து இழுக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கால் நின்றுவிட்டது.

"போச்சு பாய்... வேணும்னே எடுக்கலேன்னு புள்ள நெனச்சிருக்கும்."

பின்மூடியைக் கழற்றி, சிம்மை உருவி என் போனில் போட்டு மேஜையில் வைத்தேன். கஸ்டமர் இரண்டு பேர் வந்தார்கள். நாளைக்கு வாங்க என்றேன். இருபது நிமிஷம் இருக்கும்... மறுபடி அடித்தது.

எடுத்தார். இரண்டு வருஷம் கழித்து மகளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "போன்ல பட்டன் இல்லம்மா."

நான் வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டேன்.

அடுத்த மாதமே கடையைக் காலி பண்ணிக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார். நான்தான் வண்டியில் சாமான் ஏற்றினேன். "புது ஊர்ல யாருண்ணே உங்கள ஓட்டுவா?" என்றேன். "அதுக்குன்னு உம்ம மாதிரி இன்னொருத்தன் பொறந்திருக்கவா போறான், போய்யா" என்றார்.

அந்தக் கடை இப்போது ஜூஸ் கடை. என் கடைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். போன் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறார்கள். சும்மா வந்து உட்கார ஆள் இல்லை.

"ஒருக்கா கோயம்புத்தூர் வாங்க பாய்" என்று இத்தனை வருஷமாகக் கூப்பிட்டார். வாரேன், வாரேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போயிட்டு வாங்கண்ணே. உங்களுக்காக துஆ செய்கிறேன்.

இன்று மத்தியானத்தோடு கடையை அடைத்தேன். அமுக்குப் பூட்டு. அமுக்கின பிறகு பார்த்தால் சாவி, பர்ஸ், மூக்குக்கண்ணாடி மூன்றும் உள்ளே. அவனியாபுரம் வரை நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.