மச்சான்ட சைக்கிளுக்கு ஷொக் இல்லாத போக் தேடின கதை

கிறீச்... டொக்.
கிறீச்... டொக்.

சம்மாந்துற ரோட்டில ஒவ்வொரு குழிக்கும் அந்தச் சத்தம் வரும். சைக்கிள்ற முன்பக்கத்து ஷொக்தான். கிறீச் எண்டு கீழ இறங்கும், மேல வாறத்த மறந்திரும். மறுகா அடுத்த குழியில டொக் எண்டு முழங்கை வரைக்கும் இடிக்கும்...

பெற்றோல் இல்லாம நாடே வரிசையில நிண்ட காலம் அது. கலியாணம் முடிச்சு, நிந்தவூர்ல இருந்து கல்முனைக்கு, பொண்டாட்டிட வீட்டுக்கு நான் வந்து கொஞ்ச நாள்தான். படிப்பிக்கிற பள்ளிக்கூடம் இறக்காமத்தில. மோட்டார்சைக்கிள் டாங்கி காஞ்சு கிடக்கு. பஸ் வந்தாலும் கால் வைக்க இடமில்ல.

அப்பதான் வளவுக்குப் பின்னால தகரத்தோட சாத்திக் கிடந்த மவுண்டன் பைக் கண்ணில பட்டிச்சு. என்ட பொண்டாட்டி சிபானாட கூடப் பொறந்த காக்கா றிஸ்வான்ட சைக்கிள். றிஸ்வான் மச்சான் கட்டாருக்குப் போய் பல வருசம். ஒரு லீவுக்கும் வந்ததில்ல.

அத மாமா ஒருத்தரையும் தொட உடமாட்டார். மாமா கனகாலம் பஸ் ஓட்டின மனிசன், கதை குறைவு. "சாப்பிட்டாச்சா?" எண்டு கேப்பார். "ஓம் மாமா" எண்டுவன். அண்டைய கதை அதோட முடிஞ்சிரும். நான் புது மருமகன்... எனக்கும் கூச்சம்.

சிபானாதான் கேட்டா. "வாப்பா, காக்காட சைக்கிள் துருப்பிடிச்சு கிடக்கிறத்துக்கு இவர் ஓடினா என்ன?"

மாமா எழும்பி வளவுக்குள்ள போனார். அடுத்த நாள் காலையில சைக்கிள் காத்தடிச்சு, துடைச்சு, வாசல்ல நிண்டிச்சு.

கொஞ்ச நாள் ஓடினன். ஒரு காலம்புற இறக்காமத்துக்குக் கிட்ட, யானை வந்து வரம்ப மிதிச்சு உடைச்சிருந்த இடம்... ரோட்டெல்லாம் சேறு. முன்சில்லு பள்ளத்தில இறங்கிச்சு. ஷொக் கீழ போய் ஒரு பக்கமா இறுகிட்டு. நான் ஹேண்டிலுக்கு மேலால வயலுக்குள்ள!

தண்ணி கட்ட வந்த ஒரு விவசாயி ஓடிவந்து தூக்கினார். "என்ன சேர், யானையா தள்ளின?"

சைக்கிள் திருத்துற பாஸ் பாத்திட்டு, கடல் காத்து ஷொக்க உள்ளுக்கால தின்னுட்டு, இனி சரிவராது எண்டார். முன்சில்லப் பிடிக்கிற கவர்தான் போக்; ஷொக் இல்லாத நேர் போக் ஒண்டு போட்டாத்தான் ஓடலாமாம்.

வீட்ட வந்து மாமாட்ட சொன்னன். முகம் மாறிட்டு.

"அது மகன் தேடித் தேடி எடுத்த ஷொக். அதக் கழட்டினா அது அவன்ட சைக்கிளே இல்ல."

அண்டு வரைக்கும் மாமா என்னோட கதைச்ச ஆக நீளமான கதை அதுதான்...

அடுத்த நாள் நெல்லு லொறி ஒண்டுல தொத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போய் வந்தன். அசர் தொழுதிட்டு வந்த மாமா வாசல்ல நிண்டார். கையில ஷொக்கோட கழட்டின பழைய போக், சாக்கில சுத்தி.

"மருமகன், வாங்க. போக் பாத்திட்டு வருவம்."

சாய்ந்தமருதுல யப்பான் பழைய சைக்கிள் விக்கிற கடை ஒண்டுக்கு நடந்து போனம். கொட்டில் நிறைய போக், குவிச்சு வெச்சிருந்தாங்க. மாமா கிளறி, கறுப்பு போக் ஒண்ட எடுத்தார். பளபளப்பு, தூக்கினா பாரமே இல்ல.

"மகனுக்குக் கறுப்பெண்டா உசிரு."

எனக்கும் ஆசதான். ஆனா பழசோட சேத்துப் பிடிச்சுப் பாத்தா நீளம் கட்டை. "இதப் போட்டா முன்பக்கம் குனிஞ்சிரும் மாமா. இன்னொருக்கா நான் வயலுக்குள்ளதான்."

நான் எடுத்தது இரும்பு போக் ஒண்டு. நீளம் அச்சொட்டா சரி, பிரேக் பூட்டுற இடமும் இரிக்கி. ஆனா கலர் ரோஸ். மேல பூவும் கீறிக் கிடந்திச்சு.

மாமா அதப் பாத்து முழிச்சார். "இது பொம்புளப் புள்ளட சைக்கிள்ற சாமான்."

"பெயின்ற் அடிக்கலாம் மாமா. நீளத்தக் கூட்டேலா."

அவர் கறுப்பத் தூக்க, நான் ரோஸத் தூக்க... கடைக்காரர் அலுத்துப் போய் ரெண்டு பேருக்கும் பிளேன்ரீ தந்தார். குடிச்சு முடிச்சிட்டு மாமா கறுப்பத் திரும்ப குவியல்ல வெச்சார்.

"உழுந்தது நீங்கதானே. நீங்க சொல்றதே சரி."

மாமாவே வளவுக்க இருந்து கறுப்பு பெயின்ற் அடிச்சார், விரலெல்லாம் கறுப்பாக்கிக்கிட்டு. பூட்டி முடிஞ்ச வெள்ளிக்கிழம றிஸ்வான் மச்சான் வீடியோ கோல் எடுத்தார். போனச் சைக்கிள் பக்கம் திருப்பினதும் கண்டுட்டார்.

"வாப்பா... என்ட ஷொக் எங்க?"

மாமா செருமினார். "ஷொக் செத்துப் போச்சு மகன். சைக்கிள் ஓடுது. மருமகன் அதிலதான் பள்ளிக்கூடம் போறார்."

அங்கால ஒரே சிரிப்பு. "அது நான் ஓடக்கொள்ளயே செத்துட்டு வாப்பா! ஏசுவீங்க எண்டுதான் சொல்லல்ல!"

மாமா சிரிச்சார். அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்ல. கண்ணால தண்ணி வரச் சிரிச்சிட்டு, கேட்டார்...

"மகன், எப்ப வாற?"

வாப்பா அத ஒரு நாளும் வாயத் திறந்து கேட்டதில்ல எண்டு சிபானா மறுகா சொன்னா. அந்தப் பெருநாளைக்கு மச்சான் வரல்ல. அதுக்கடுத்த பெருநாளைக்கு வந்தார். வந்த அண்டே காரைதீவு வரைக்கும் அந்தச் சைக்கிள்ல போய்ட்டு வந்து, உள்ளங்கையத் தடவிக்கிட்டு, "கை நோகுது, ஆனா நல்லாரிக்கி" எண்டார்.

மெய்தான். நேர் போக்ல சின்னக் கல்லும் கைக்குத் தெரியும். எந்த மதகு எங்க எண்டு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவன். இப்ப பெற்றோல் இரிக்கி, மோட்டார்சைக்கிள் இரிக்கி. சம்மாந்துற எப்ப தாண்டினன் எண்டே தெரியிறல்ல.

மாமாவும் நானும் இப்ப நிறையக் கதைக்கம். எண்டாலும் ஒரு போக்குக்காக அண்டு சண்ட புடிச்ச மாதிரி வராது...

போன கிழம மாமா சைக்கிளச் சுத்திச் சுத்திப் பாத்திட்டு மெல்லக் கேட்டார். "மருமகன், இதில மாத்த இன்னும் ஒண்டும் இல்லையா?"

"பின் பிரேக் கொஞ்சம் லூஸ் மாமா. சாய்ந்தமருதுக்குப் போய்ப் பாப்பமா?"

பின் பிரேக் நல்லாத்தான் இரிக்கி.