இரும்பை விழுங்கிய மரங்கள்

கறைக்காரர் என்றால் மரம் அறுக்கும் மில்லில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தடிகள் ஆற்றில் மிதந்து வந்தன. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தடிகள். ஆற்றோரக் காடு மொட்டையானதும் மலைக்கு ரோடு போட்டு லாரியில் இறக்கினார்கள். மலையும் மொட்டையானது. எல்லாம் முடிந்த பிறகு, காட்டில் இனிக் கோடாரி படக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. நல்ல வேளை பார்த்தார்கள் போங்கள்! மில் மட்டும் நிற்கவில்லை. ரோட்டோர மரம், பள்ளிக்கூட வாசல் மரம், வீட்டுக் கொல்லை மரம் என்று கிடைத்ததெல்லாம் வர ஆரம்பித்தது.

அதோடு வினையும் வந்தது. காட்டு மரத்துக்குள் மரம்தான் இருக்கும். மனுஷனோடு வாழ்ந்த மரத்துக்குள் எது வேண்டுமானாலும் இருக்கும்: கொடி கட்ட அடித்த ஆணி, போர்டு மாட்டிய கொக்கி, மாடு கட்டிய சங்கிலி. மரம் அதை மூடிக்கொண்டு வளர்ந்துவிடும். நாடா மாதிரிச் சுற்றும் பட்டை ரம்பம் ஓடுகிற வேகத்தில் ஓர் ஆணி பட்டால் போதும், அறுந்து பறக்கும். எதிரே நிற்பவன் கதி அதோகதிதான்.

ஒரே ஒரு தடயம் உண்டு. இரும்பைச் சுற்றி மரத்தில் கருநீலக் கறை ஊறும். தடியின் வெட்டுமுகத்தில் அது தெரியும். அதைப் பார்ப்பதுதான் அவர் வேலை. கறை இல்லாத தடிக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் இல்லாத தடி ரம்பத்துக்கு ஏறாது.

ரம்பத்தின் எதிரே நிற்பவன் அவருடைய ஒரே மகளின் புருஷன்.

போன வருஷம் அவர் கண்ணில் மூட்டம் போட்டது. கால்வலி என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கண் டாக்டரிடம் போனார். நரம்பே பட்டுப்போய்விட்டது, ஆபரேஷனுக்கும் வழியில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். யாரிடம் சொல்வது? கறை தெரியாத கறைக்காரருக்கு மில்லில் என்ன வேலை? கேட்டுக்கு வெளியேதான் வேலை. அன்றிலிருந்து விரலால் தடவி, குத்துமதிப்பாக வட்டம் போட்டார். சாயங்காலம் ரம்பம் நின்ற பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். மறுநாள் காலை மறுபடியும் அதே பயம். அலுத்துப்போனது மனுஷனுக்கு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டமாரென்று சத்தம். ரம்பம் அறுந்துவிட்டது. ஒரு ஜாண் துண்டு மருமகனின் காதோரமாகப் போய்ப் பின்னால் இருந்த தூணில் செருகி நின்றது.

மேஸ்திரி ஓடி வந்தார். "கறைக்காரர் பார்த்த தடியாச்சே! எப்படிய்யா தப்புச்சு?"

"கறையே இல்லாத ஆணி மேஸ்திரி. யாரு பார்த்தாலும் தெரியாது" என்றான் மருமகன், வெட்டுமுகத்தை மறைத்துக்கொண்டு நின்றபடி.

கூட்டம் கலைந்ததும் மரத்தூள் குவியலுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை, நிஜத்தைச் சொல்லுங்க. கறை இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. உள்ளங்கை அகலத்துக்கு."

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

"உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு ஒரு வருஷமாத் தெரியும். தட்டுல நீங்க தடவித் தடவிச் சாப்பிடுறதைப் பார்த்து உங்க மகதான் சொன்னா. 'அப்பா வாயைத் திறக்க மாட்டாரு, நாமளும் கேட்க வேணாம், நீங்களே பார்த்துக்குங்க'ன்னா. தினம் நீங்க வட்டம் போட்டதை நான் இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் ஏத்துவேன். இன்னிக்கு லாரி லேட்டு. மேஸ்திரி பக்கத்துலயே நின்னு அவசரப்படுத்துனாரு."

அடப்பாவி மகளே என்று மனசுக்குள் கத்தினார். இத்தனை நாளும் தான்தான் ஊரை ஏமாற்றுவதாக நினைத்திருந்தார். தினம் காலையில் இருவர் கையிலும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுத்து அனுப்பினாளே, எல்லாம் தெரிந்தா அனுப்பினாள்?

"இருங்க, பார்க்கணும்னு சொல்லி நிறுத்தியிருக்கலாமே மாப்பிள்ளை?"

"எப்படி மாமா? கறைக்காரர் பார்த்ததை நீ என்னத்துக்குப் பார்க்குறேன்னு கேட்பாரே."

உள்ளே புது ரம்பத்தை மாட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த தடியை உருட்டுங்கள் என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். கறைக்காரர் எழுந்தார். மருமகன் கையைப் பிடித்தான். உதறிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். எல்லோர் முன்னாலும் தடவினார்.

"நிறுத்துங்க மேஸ்திரி! வட்டம் போட்டுக் கிடக்கே, அதுல ஒரு தடியைக்கூட நான் பார்க்கலை. எனக்குக் கண்ணு தெரியாது."