பாயில விழுந்தால் பாக்கிற திட்டம்

காப்புறுதி விக்கிறவன் படலையைத் திறந்தால் வீட்டு நாய்கூட எழும்பிப் போயிடும். அதிலையும் நான் வித்தது, வயசுபோய்ப் பாயில விழுந்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் பாக்கிற திட்டம். சமாதான காலத்தில வன்னிக்குப் பாதை திறந்தவுடனை கிளிநொச்சியில கிளை போட்ட ஒரு கொழும்புக் கொம்பனி என்னைப் பிடிச்சு இந்த வேலையில விட்டுது. வன்னியில வயசுபோறதே பெரிய காரியம் எண்டு அவைக்கு ஆர் சொல்லுறது? இப்பிடி வாசல் வாசலாய் ஏறி இறங்கி நாய்படாப் பாடு பட்டவை ஆரும் இருந்தால், உங்களுக்கு இது விளங்கும்.

கனடாக் காப்புறுதி

முதல் போனது ஒரு பென்சன்காரத் தபாலதிபர் வீட்டை. கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, முழுக்கக் கேட்டார். ஆள் சம்மதிச்சிட்டார் எண்டு எனக்கொரு புளுகம். பிறகு எழும்பிப்போய் அலுமாரிக்கு மேலை இருந்த மகன்ரை படத்தை எடுத்துக் காட்டினார்.

"என்ரை காப்புறுதி கனடாவில பனி வழிக்குது தம்பி. போன பொங்கலுக்குப் பிறகு ஒரு கோலும் இல்லை."

ரீச்சரின்ரை கேள்வி

விசுவமடுவில புஷ்பம் ரீச்சர். கலியாணம் கட்டேல்லை, பென்சனுக்குப் போற வயசு. தாயைப் பாயில வைச்சுப் பாத்தவா; தனக்கு அந்த நிலை வந்தால் ஆர் எண்ட பயம் அவாவை நித்திரை கொள்ள விடேல்லை. எங்கட ஆக்களிட்டை இதுக்கெண்டு ஒரு முறை இருக்குத்தானே: சாகுமட்டும் இருக்கிற உரித்தைத் தங்களுக்கு வைச்சுக்கொண்டு, பாக்கிற ஆளுக்கு வீடு வளவை எழுதிக் குடுக்கிறது. பக்கத்து வளவில இருந்த தமையன்ரை மகன் சந்திரன் அதைத்தான் கேட்டான். ரீச்சருக்கு விசர் வந்திட்டுது. எழுதின அண்டைக்கே கஞ்சியில தண்ணி கூடும் எண்டு சந்திரன்ரை பெண்சாதி தேவியின்ரை முகத்துக்கு நேரை சொல்லிப் போட்டா.

நான் கொம்பனி பாடமாக்கித் தந்தபடி 'கண்ணியமான முதுமை' எண்டு தொடங்கினன். ரீச்சர் கையைக் காட்டி நிப்பாட்டினா.

"உந்தக் கதையை விடும் தம்பி. உங்கட ஆள் பீ மூத்திரம் அள்ளுமோ, அதைச் சொல்லும்."

கிளை கிளம்பினது

ஓம் எண்டன், ரீச்சர் சேர்ந்தா. அவா பென்சன் எடுத்துக் கொஞ்சக் காலத்தில திரும்பச் சண்டை தொடங்கி, பாதை பூட்டுப்பட்டுது. அதுக்கு முன்னமே கொம்பனி மேசை கதிரை எல்லாத்தையும் லொறியில ஏத்திப் போட்டுது. என்னை மட்டும் ஏத்தேல்லை. சேர்ந்த சனத்துக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு மனேச்சரைக் கேட்டன். லொறிக்குள்ளை இருந்து தலையை நீட்டினார்.

"நிலைமை சரிவந்தால் வருவம். அதுவரைக்கும் ஒருத்தரையும் பாயில விழாமல் இருக்கச் சொல்லும்."

வீடு எண்டால் வீடு

ஓடி ஓடிக் கடைசியில முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனம். சந்திரன் வழியிலேயே ஷெல்லில செத்துப்போனான். ரீச்சர் பங்கருக்குள்ளை விழுந்து இடுப்பு முறிஞ்சு போச்சு. அவாவை அங்கையிருந்து தூக்கியும் இழுத்தும் கொண்டுவந்தது தேவி. வவுனியா முகாமில எங்கட தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம் அவையின்ரை.

ஒருநாள் அந்தக் கொம்பனி அதிகாரி ஒருத்தர் கழுத்துப்பட்டியோடை முகாமுக்கு வந்தார். நான் காலில விழாத குறையாய் ரீச்சரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். குனிஞ்சு பாத்தார். மனுசனுக்கு உண்மையாய் இரக்கம் வந்தது.

"பாவம்தான். ஆனால் இது வீட்டில வைச்சுப் பாக்கிற திட்டம். இவாவுக்கு இப்ப வீடில்லையே."

தேவியின்ரை மறுமொழி

அவர் போனாப் பிறகு ரீச்சர் என்னை ஏசப்போறா எண்டு நினைச்சன். ஆனால் தேவி ஈரத்துணியோடை வர, ரீச்சர் விசுவமடு வளவை அவளின்ரை பேருக்கு எழுதுறன் எண்டு சொன்னா. அழுதுகொண்டுதான் சொன்னா. தேவி நிமிந்தும் பாக்கேல்லை.

"அங்கை எங்களைப் போக விடுவினமோ எண்டே தெரியாது மாமி. மற்றப் பக்கம் சரியுங்கோ, முதுகில புண் வரப்போகுது."

காப்புறுதி முகவராய்த் திரிஞ்ச காலம் முழுக்க நான் கண்ணாலை கண்ட ஒரேயொரு முதியோர் பராமரிப்பு அதுதான்; அதுக்குத் தண்ணி வாளி பிடிச்சுக்கொண்டு நிண்டது மட்டும்தான் ரீச்சருக்கு நான் செய்த சேவை.